கடைசிப் புத்தகத்தின் முடிவை மகளுக்கு மாற்றிச் சொல்லலாமா?

பெரம்பூர் அப்பா எழுதியது:

இன்னும் நாற்பது பக்கங்கள்தான் மீதி இருக்கின்றன. ஓர் இரவுக்கு நான்கு பக்கம் என்ற கணக்கில் பத்து நாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மனைவி செவிலியர், வாரத்தில் நான்கு நாள் இரவுப் பணி. ஆகவே மகளுக்குச் சோறு போட்டுத் தூங்கவைப்பது என் பொறுப்பு. அவளுக்கு இப்போது 11 வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டையில் நீல நிற டிராகன் முகம் போட்ட ஒரு தடிமனான புத்தகத்தை அவள் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். எண்பது ரூபாய் சொன்னார்கள், வாங்கினேன். கிறிஸ்டோபர் பவுலினி எழுதிய ‘எரகான்’. அவர் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய கதை என்று படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

அவளுக்கு அப்போது அந்த ஆங்கிலம் ஓடாது. எனக்கும் சரளமாக வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய நான்கு பக்கங்களை அகராதி வைத்துப் படித்து, ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொற்களைக் குறித்துக்கொள்வேன். இரவில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நேராகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். இப்படித்தான் நான்கு புத்தகங்களையும் கடந்து வந்திருக்கிறோம். ‘எல்டெஸ்ட்’ லஸ் முனையில் நடைபாதைக் கடையில் கிடைத்தது. ‘பிரிசிங்கர்’ என்னோடு வேலை செய்பவரின் மகன் கொடுத்தது. கடைசியான ‘இன்ஹெரிட்டன்ஸ்’ நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியது.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதல் புத்தகத்தில், சஃபீரா என்ற நீல டிராகனோடு திரியும் கதாநாயகன் எரகான் ஒரு கைக்குழந்தையை வாழ்த்துகிறான். மந்திர மொழியில் ஓர் எழுத்துப் பிசகிவிடுகிறது. “துன்பத்திலிருந்து நீ காக்கப்படுவாயாக” என்று சொல்ல வேண்டியவன், “துன்பத்திலிருந்து நீ காப்பாயாக” என்று சொல்லிவிடுகிறான். அதனால் எல்வா என்ற அந்தக் குழந்தை பக்கத்தில் இருக்கிற எல்லோருடைய வலியையும் தன் உடம்பில் தாங்கிக்கொண்டு வளர வேண்டியதாகிறது. இரண்டாம் புத்தகத்தில் இந்த உண்மை வெளிவந்த இரவில் என் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “ஒரு சொல்லுக்கு இவ்வளவு தண்டனையா, அப்பா?” என்றாள். மறுநாள் தமிழ் வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை நடந்தபோது, இந்த வாக்கியங்களைத்தான் எடுத்துக்காட்டாக எழுதினாளாம். எந்தப் பூனை குறுக்கே போனாலும் அது கதையில் வரும் மந்திரப் பூனை சோலம்பம்தான். மொட்டை மாடியில் உலர்த்தும் நீலப் போர்வை சஃபீராவின் இறக்கை.

இப்படிப்பட்ட கதையின் கடைசிப் பகுதியை நான் முன்கூட்டியே படித்து முடித்துவிட்டேன். மனது ஆறவில்லை.

கொடுங்கோல் அரசன் கால்பட்டோரிக்ஸின் அழிவில் எனக்குக் குறை இல்லை. அவனை வாளால் வெல்ல முடியாது. அவனைச் சுற்றியிருக்கும் மந்திரக் காவல்களை, அவனுக்கு அடிமைப்பட்டிருந்த இன்னொரு டிராகன் வீரன் முர்டாக் உடைக்கிறான். அரசன் இழைத்த வேதனைகளையெல்லாம் அரசனே உணரும்படி எரகான் செய்கிறான். அந்தப் பாரம் தாங்காமல் அவன் தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்கிறான். நான் இதைச் சொல்லி முடித்தபோது மகள், “எல்வாவுக்கு எப்போதும் வலித்தது இவனுக்கு இப்போதுதான் வலித்தது” என்றாள். ஆசிரியர் எண்ணி எழுதினாரோ இல்லையோ, எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு வருவதுதான் பிரச்சினை. போர் முடிந்தும் கதை நெடுந்தூரம் நடக்கிறது. கடைசியில் எரகான் தன் நாட்டை விட்டே போய்விடுகிறான், திரும்பி வரவே மாட்டேன் என்று. கப்பலில் டிராகன் முட்டைகளோடு கிழக்கே போகிறான். அண்ணனைப் போல உடன் வளர்ந்த மாமன் மகன் ரோரன் கரையில் நிற்கிறான். எரகான் நேசிக்கும் எல்ஃப் இனப் பெண் ஆர்யாவும் எரகானும் தங்கள் உண்மைப் பெயர்களை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் பிரிகிறார்கள். ஏன் திரும்பி வரக்கூடாது? அவனிடம் பறக்கும் டிராகன் இருக்கிறது. ஆர்யாவிடமும் ஒன்று இருக்கிறது. பல நூறு ஆண்டுகள் வாழப் போகிறவர்கள். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஊருக்குப் போவதைப் போல வந்துவிட்டுப் போனால் எந்த நாடு கெட்டுவிடும்? பிரிவுக்கு நான் பயப்படவில்லை. காரணம் போதாத பிரிவை என் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் புத்தகத்தில், எல்ஃப்களின் காட்டில் உணர்வுள்ள மெனோவா மரத்திடம் எரகான் வாள் செய்ய உலோகம் கேட்கிறான். பதிலுக்கு நீ எதைக் கேட்டாலும் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். மரம் என்ன கேட்கும், சஃபீராவைக் கேட்டுவிடுமோ என்று என் மகள் ஒரு வருடமாக அஞ்சிக்கொண்டிருக்கிறாள். கடைசிப் புத்தகத்தில் அவன் திரும்பப் போய்க் கேட்கும்போது மரம் அவனைப் போகச் சொல்லிவிடுகிறது. விலை என்னவென்று நமக்குத் தெரிவதே இல்லை. வாக்கின் மேல் இவ்வளவு கதை கட்டியவர் இந்த வாக்கை அந்தரத்தில் விடலாமா?

நான் தமிழில் வாயால் சொல்கிறேன். எரகான் வருடம் ஒருமுறை வந்து போனான் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். செய்யலாமா?

ஓய்வுபெற்ற நூலகர், மேற்கு மாம்பலம் எழுதியது:

தம்பி, முதலில் உங்களுக்கு என் வணக்கம். முப்பத்தொரு வருடம் நூலக மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். வேலைக்கு நடுவே சாப்பாட்டு நேரத்தில் மகளுக்காக அகராதி புரட்டும் தகப்பனைப் பற்றிப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது.

தொடர்களின் கடைசிப் பாகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் நூலகப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒட்டியிருக்கும். முதல் பாகத்தின் சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொன்று ஒட்டியிருப்போம். கடைசிப் பாகத்தில் பாதிச் சீட்டு காலியாகவே இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிடுவதும் ஒரு காரணம். அதைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே, முடிவு பிடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பவுலினி மூன்று புத்தகம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். 2007இல் நான்கு என்று அறிவித்தார். 2008இல் மூன்றாவது வந்தது, 2011இல் நான்காவது. பிள்ளைகள் வந்து, “அடுத்தது எப்போது வரும், மேடம்?” என்று மாதாமாதம் கேட்பார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் காத்திருந்தால், அந்தக் காத்திருப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு முடிவை எழுதிவிடுகிறது. அச்சில் வருவது அதோடு மோத வேண்டியிருக்கிறது.

இது வெளிநாட்டுக் கதைக்கு மட்டும் வந்த வினை என்று எண்ண வேண்டாம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்தாம் பாகமான ‘தியாக சிகரம்’ முடிகிற இடத்தில் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதியிருக்கிறாரே, படித்திருக்கிறீர்களா? வாரா வாரம் படித்தவர்களுக்குக் கதை சட்டென்று நின்றுவிட்டதாக மனக்குறை. இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் அவரே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். கதைக்குள் சொல்லாததைக் கதைக்கு வெளியே நின்று, தன் பெயரில் சொன்னார். என் அம்மா அந்தப் பக்கங்களைத் தனியாக மடித்து வைத்திருந்தாள்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இனிமேல் சொல்வது அப்பா சொல்வது” என்று சொல்லி, உங்கள் வரியைச் சொல்லுங்கள். இரண்டும் இரண்டாக இருக்கட்டும்.

கொளத்தூர் வாசகன் எழுதியது:

அண்ணா, 2011 நவம்பரில் இந்தப் புத்தகம் வந்தபோது எனக்கு 14 வயது. அப்பாவிடம் கெஞ்சி வாங்கி மூன்று நாளில் முடித்தேன். உங்களைப் போலவே கோபம் வந்தது. அப்புறம் நான்கு முறை படித்துவிட்டேன். இப்போது அந்த முடிவின் பக்கம் நிற்கிறேன்.

இந்தப் பிரிவு திடீரென்று வந்ததில்லை. முதல் புத்தகத்தில் டீர்ம் நகரத்தில், மூலிகைக்காரி ஏஞ்செலா டிராகன் எலும்புகளை உருட்டிக் குறி சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? நீ இந்த நாட்டை விட்டுப் போவாய், திரும்ப மாட்டாய் என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறாள். அதே ஊரில் சோலம்பமும் இரண்டு சொல்கிறது: ஆயுதம் வேண்டும்போது மெனோவா மரத்தின் வேரடியில் தேடு, எல்லாம் கைவிட்டுப் போனபின் குதியன் பாறைக்குப் போய் உன் பெயரைச் சொல். இரண்டும் பலிக்கின்றன. அந்த இரண்டையும் கொண்டாடிவிட்டு மூன்றாவது பலிக்கும்போது மட்டும் சண்டை போட முடியுமா? அந்த அத்தியாயத்தை உங்கள் மகளுக்கு மறுபடி ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள்.

காரணமும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கால்பட்டோரிக்ஸ் அடிமைப்படுத்தி வைத்திருந்த டிராகன்களின் உயிர்க்கற்களில், அதாவது டிராகனின் மனம் உறையும் கற்களில், பல மனம் பேதலித்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேற்ற வேண்டும். முட்டைகள் பொரிந்தால் குஞ்சுகளை வளர்க்க ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய நிலம் வேண்டும். டிராகன் ஒரு வேளைக்கு எத்தனை ஆடு தின்னும் என்று பார்த்தால், ஊரை ஒட்டி வளர்க்க முடியாது. அதைவிட முக்கியம், மந்திர மொழியின் மூலப் பெயரே இப்போது அவனுக்குத் தெரியும். அவன் விரும்பினால் யாருடைய மந்திரத்தையும் செல்லாமல் ஆக்கலாம். அப்படிப்பட்டவன் அரசி நசுவாடாவின் பக்கத்திலேயே இருந்தால், அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் நாடு இவன் முகத்தைத்தான் பார்க்கும். புதிய அரசிக்கு அது நல்லதா?

அவன் வெறுங்கையோடும் போகவில்லை. வனவாசிகளான எல்ஃப்களும் மனிதர்களும் மட்டுமே டிராகன் வீரர்களாகலாம் என்றிருந்த பழைய உடன்படிக்கையில் குள்ளர்களையும் கொம்புள்ள ஊர்கல் இனத்தாரையும் சேர்த்துவிட்டுத்தான் போகிறான். முதல் புத்தகத்தில் ஊர்கல் என்றாலே வெட்டு, குத்து. அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறது கதை. எனக்கு இதுதான் உண்மையான முடிவு.

மெனோவா மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் கையில் ஒன்றும் சிக்குவதில்லை. ‘வருடம் ஒருமுறை’ என்பதிலும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நிரந்தரமாகப் போக வேண்டும் என்பதற்குக் குறியைத் தவிர வலுவான காரணம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மாற்ற வேண்டாம், அண்ணா. 2023இல் ‘முர்டாக்’ என்று அதே உலகத்தில் இன்னொரு பெரிய நாவல் வந்திருக்கிறது. அவள் அதைப் படிக்கத் தொடங்கினால் நீங்கள் சேர்த்த வரி அங்கே இடிக்கும்.

வேளச்சேரி அம்மா எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் பாட்டி சிலப்பதிகாரத்தைக் கதையாகச் சொல்வாள். பொற்கொல்லன் பொய் சொல்வான், காவலர்கள் வருவார்கள், அந்த நேரத்தில் கண்ணகி ஓடி வந்து இன்னொரு சிலம்பைக் காட்டிவிடுவாள். கோவலன் பிழைத்துக்கொள்வான். இருவரும் மாட்டு வண்டியில் புகாருக்குத் திரும்புவார்கள். நான் அழக்கூடாது என்பதற்காகப் பாட்டி அப்படி மாற்றியிருந்தாள். வண்டி மாட்டின் கழுத்து மணி ஓசையைக்கூட நாக்கால் தட்டிக் காட்டுவாள்.

பள்ளியில் வழக்குரை காதை நடந்த நாள் எனக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. கண்ணகி தலைவிரிகோலமாக அரண்மனை வாயிலுக்கு வருகிறாள் என்று அம்மையார் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கி, “கோவலன் வெளியே வண்டியில் காத்திருக்கிறானா, மிஸ்?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அம்மையார் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, “அவனை வெட்டிவிட்டார்கள், அம்மா” என்றார். என் தோளில் அவர் கை இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் இரண்டு நாள் பேசவில்லை. கோவலன் செத்ததற்காக அழுதேனா, பாட்டி என்னிடம் மறைத்ததற்காக அழுதேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தக் கதை சொன்னாலும், “இது உண்மையிலேயே இப்படித்தானா, பாட்டி?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் வாடும். நான் நிறுத்தவில்லை. அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் மகள் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள், சகோதரரே.

பெரம்பூர் அப்பா எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நூலகர் அம்மா, உங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேளச்சேரிச் சகோதரி எழுதியதை இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் செருப்பை மாட்டியபடியே நின்று கேட்டுவிட்டு, “மாற்றாதீர்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

தம்பி சொன்னபடி ஏஞ்செலாவின் எலும்புகளைத் திரும்ப எடுத்தேன். முதல் புத்தகம் இப்போது முதுகு பிளந்து, ரப்பர் பேண்டில் நிற்கிறது. அந்த அத்தியாயத்தின் ஓரத்தில், “திரும்பான்” என்று என் பென்சில் எழுத்தே இருந்தது. நானே குறித்து வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். மகள் மறக்கவில்லை. “எனக்குத் தெரியும், அப்பா. ஆனால் பொய்த்துவிடும் என்று நினைத்தேன்” என்றாள்.

நேற்று இரவு, போய்விடப் போவதாக எரகான் மற்றவர்களிடம் சொல்லும் இடத்துக்கு வந்தோம். உள்ளதை உள்ளபடி சொன்னேன். குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதா? எந்த வரி?” என்று கேட்டாள். காட்டினேன். விளக்குக்கு அருகே புத்தகத்தைச் சாய்த்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்திலேயே படித்தாள். இரண்டு இடத்தில் மட்டும் நின்று பொருள் கேட்டாள். மீதி எல்லாம் அவளுக்கே தெரிந்திருந்தது. இரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு தூரம் வந்திருப்பது நேற்றுவரை எனக்குத் தெரியாது. நான் அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், அந்த விரல் அதைத் தேடியிருக்கும்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு நான் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து கேட்டாள். “ரோரனுக்குப் பாப்பா பிறந்திருக்கிறதே, இஸ்மிரா. அது பெரியவளாகி, சித்தப்பா எங்கே என்று கேட்டால் ரோரன் என்ன சொல்வான்?” எரகானுக்கும் ஆர்யாவுக்கும் நான் வருந்திக்கொண்டிருந்தேன். அவள் குழந்தைக்காக வருந்துகிறாள். “அப்பா சொல்வது” என்று நான் தயாரித்து வைத்திருந்த வரி இதற்குப் பதிலாகாது. தெரியவில்லை, கண்ணு என்றேன்.

மெனோவா மரத்தின் மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை. மரம் எதையோ எடுத்துக்கொண்டுவிட்டது, எரகானுக்கு அது இன்னும் தெரியவில்லை என்று அடித்துச் சொல்கிறாள். அவன் ஊருக்குத் திரும்ப முடியாமல் போனதே அந்த விலையாக இருக்கும் என்கிறாள். புத்தகத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று சொன்னேன். “அதனால்தான் நான் சொல்கிறேன்” என்றாள். கொளத்தூர்த் தம்பி, நான்கு முறை படித்தவர் நீங்கள், இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அவளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது, கப்பல் கிளம்பும் பகுதி. இன்றைக்குப் படிக்க வேண்டாம் என்று அவளே புறநகர் ரயில் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. மூன்று பேரும் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் அவள் படிப்பாள், தமிழில் நான் சொல்ல வேண்டும். அம்மா கதையின் முன்பகுதி எதையும் கேட்டதில்லை என்றேன். அதற்குள் நான்கு புத்தகத்தையும் அம்மாவுக்குச் சுருக்கிச் சொல்லிவிடுவதாக, காலையில் வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.